கொள்ளளவு

புளியந்தோப்பு. மூன்றாம் வகுப்பு, கணக்குப் பாடம்.
மேசைமேல் ஒரு பக்கெட், ஒரு ஜக்கு,
மூடி தொலைந்த ஹார்லிக்ஸ் பாட்டில்.
ஊற்று, எண்ணு, எழுது.
பாதித் தண்ணீர் தரையில்,
மீதி மோனிஷின் சட்டையில்.

பலகையில் நான் போட்ட கணக்கு:
ஒரு குடம் பதினைந்து லிட்டர்.
நான்கு குடம் எவ்வளவு?

இருபத்தெட்டு நோட்டில் அறுபது.
இரண்டில் பத்தொன்பது; கூட்டிவிட்டார்கள்.
லித்திகா நோட்டில் மட்டும்
ஐம்பத்து மூன்று.

கூப்பிட்டேன். விரல் மடக்கிச் சொன்னாள்:
"மொதக் கொடம் அம்மா தூக்கும், சிந்தாது மிஸ்.
ரெண்டாவது அண்ணன். அவன் ஓடுவான்,
மூணு லிட்டர் போய்டும்.
அடுத்தது நான். ரெண்டு லிட்டர்தான் போவும்.
கடைசிக் கொடம் நானும் அவனும் சேந்து,
அதுல ஒரு ரெண்டு.
மூணாவது மாடி மிஸ் நாங்க.
லாரி வந்த அன்னிக்குப் படியெல்லாம் வழுக்கும்."

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்,
மூடினேன்,
திறந்தேன்.
விடைக்குறிப்பில் படிக்கட்டு இல்லை.

அறுபது என்று எழுதி,
அவள் ஐம்பத்து மூன்றுக்கும்
ஒரு டிக் போட்டேன்.
"எது மிஸ் ரைட்டு?"

நல்லவேளை, சாப்பாட்டு மணி.
தட்டுகள் ஓடின.
அவள் மட்டும் நின்று
மிச்சத் தண்ணீர்ப் பக்கெட்டை
இடுப்பில் சாய்த்து எடுத்துப் போனாள்,
வேலியோர முருங்கைக்கு.

வாசற்படி வரை பார்த்தேன்.
வராண்டா திரும்பும் வரை பார்த்தேன்.
ஒரு சொட்டு விழவில்லை.