பெட்டி எண் ஏழு

லங்காப் சந்தைக்குப் பின்னால்
கூட்டுறவுச் சங்கத்து மாடியில்
வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறோம்:
ஐந்து பேர், ஒரு மின்விசிறி.
ஆசிரியர்களின் விண்ணப்பம் பத்தொன்பது.
கையிருப்போ நாலு பேருக்குத்தான்,
தலைக்கு நானூறு வெள்ளி.

மீன்தொட்டி கேட்டிருந்தார் ஒருவர்.
பொம்மலாட்டத் திரைக்குச் சிவப்புத் துணி கேட்டார் இன்னொருவர்.
பூங்கோதை டீச்சர் கேட்டது
இடுக்கி முப்பது, பூதக்கண்ணாடி பதினைந்து,
கையுறை, கறுப்பு அட்டை, பசை.
நோக்கம் என்ற கட்டத்தில் ஒரே வரி:
‘கூகை துப்பியதைப் பிரித்துப் பார்க்க.’

‘துப்பியதையா?’
லோரி மரியசூசையின் கையில்
பிஸ்கட் பாதி வழியில் நின்றது.
கிளினிக்கில் மருந்து கட்டும் தனபாக்கியம்தான் விளக்கினார்:
எலியை முழுசாக விழுங்குமாம்;
சதை செரித்துவிடும்;
எலும்பும் மயிரும் உருண்டையாகத் திரும்பி வரும்.
செம்பனைக்குள் தோட்டத்தார் கம்பம் நட்டு வைத்த
பெட்டிகளுக்குக் கீழே
பொறுக்க ஆளில்லாமல் கிடக்கிறதாம்.
‘சும்மா கிடப்பதற்கு ஏன் நானூறு?’ என்றேன்.
பொருளாளர் அப்படித்தான் கேட்கவேண்டும்.

மூன்றுக்கு இரண்டில் தேறியது.
மூன்றாவது கை என்னுடையது,
தனபாக்கியம் முறைத்த பிறகு.

மார்ச்சில் பார்வையிடப் போனேன்.
நான்காம் ஆண்டு வகுப்பு. டெட்டால் வாசனை.
கறுப்பு அட்டைமேல்
ஒரு எலியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள்,
தாடையில் தொடங்கி, வாலை நோக்கி.
‘அங்கிள், மூச்சு விடாதீங்க,
விலா பறந்துடும்’ என்றாள் ஹேமலோஷினி,
நிமிராமல்.
அடக்கினேன்.
ஐம்பத்திரண்டு வயசில் முதல் தடவையாக
ஒரு எலிக்காக.

சுவரில் தர்ஷ்வின் போட்ட அட்டவணை.
அப்பா குலை வெட்டுகிறவர்;
வேலை முடிந்து வரும்போது
மோட்டார் சைக்கிள் கூடையில் உருண்டைகள் வருமாம்,
பெட்டி வாரியாக, ரொட்டிப் பையில்.
பெட்டி ஒன்று முதல் பன்னிரண்டு.
வாரத்துக்கு எத்தனை உருண்டை,
உருண்டைக்கு எத்தனை மண்டை.
ஏழாவது வரிசையில் மட்டும்
ஒன்பது, எட்டு, மூன்று, சுழி.
சுழியை இரண்டு தடவை அழித்து
மறுபடியும் சுழியே எழுதியிருந்தான்.

அக்டோபரில் அறிக்கை வந்தது.
இரசீதுகள் தேதிப்படி. மீதம் ஏழு வெள்ளி நாற்பது சென்,
உறைக்குள் செலோடேப்பில் ஒட்டி.
இப்படி மீதம் திருப்பியவர்கள்
எங்கள் நிதிக்கு வாய்த்ததில்லை.
கடைசிப் பக்கம் பிள்ளைகளின் கையெழுத்து:

‘பெட்டி எண் ஏழு. மூன்று உருண்டைகளில்
மயிருக்குள் நீலப் பொடி.
அதற்குப் பிறகு கூகை வரவில்லை.
நீலம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.
தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்.’

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
எனக்கு இரும்புக்கடை.
மண்வெட்டி, கொக்கி அரிவாள், உரமூட்டை,
மேல்தட்டில் எலிமருந்து:
மெழுகில் வார்த்த நீலக் கட்டிகள்,
சீனி மிட்டாய் நிறம்.
தோட்டத்துக்கு மாதம் நாற்பது பெட்டி.
அந்த லாபத்தில் கொஞ்சம்தான்
வருஷா வருஷம் இந்த நிதிக்குப் போகிறது.
நன்கொடைப் பலகையில் என் பெயர்
மூன்றாவதாக இருக்கும்.

திங்கட்கிழமை லோரி வந்தது.
ஏற்றினேன். நாற்பதில் நாற்பதும்.

அறிக்கையின் அடியில்
‘பொருளாளர் குறிப்பு’ என்று இரண்டு கோடு இடம்.
‘கணக்கு சரி’ என்று எழுதினேன்.
அடித்தேன்.
‘நீலம் என் கடையிலிருந்து.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
வகுப்புக்கு வரலாமா?’ என்று எழுதி
மடித்து உள்ளே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று போய்விட்டது.
உறையை இன்னும் ஒட்டவில்லை.
பசைக்கா பஞ்சம்,
என் கடையில்.