மாதிரி எண் பதினேழு

பேருந்தில் என் பக்கத்து இருக்கை
கடைசிவரை காலியாகவே வந்தது.
மடியில் மூன்று உருண்டைகள்.
நாலு பாலித்தீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டியும்
நாற்றத்துக்கு முடிச்சுப் போட முடியவில்லை.
ஓட்டுநர் மட்டும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்:
"வீட்டில் இன்று குழம்பா?"
ஆய்வுக்கூடத்துக்கு என்றேன்.
அதற்கும் சிரித்தார்.

நெரே மரத்தின் விதை.
ஓர் இரவும் ஒரு பகலும் வெந்து
உரலில் சாம்பலோடு தோலுரிந்து
மறுபடி வெந்து
கூடையில், இலைக்கு அடியில், மூன்று நாள் கிடந்தால்
சும்பாலா.
அந்த மூன்று நாளும் அசெத்தாவின் முற்றத்தில்
யாரும் எதுவும் செய்வதாகத் தெரியாது.
செய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள்.
புரதம் என்கிற மூச்சுமுட்டும் வாக்கியத்தை
கண்ட இடத்தில் வெட்டி
நாலெழுத்து, ஐந்தெழுத்துச் சொற்களாக உதிர்க்கிறார்கள்.
பெரும்பாலும் உளறல்.
ஒன்றிரண்டுக்குப் பொருள் உண்டு.

போபோவில் மின்சாரம் இருந்த மணிநேரங்களில்
அந்த ஒன்றிரண்டைத்தான் தேடினேன்.
தட்டின் குழிகளில் எலியின் செல்கள்.
முதலில் அவற்றுக்குக் கோபமூட்ட வேண்டும்;
செத்த கிருமியின் மேலுறை துளியளவு போதும்.
அழலை வயிற்றில் வைத்திருக்கும் சொல், அழற்சி.
இங்கே அது எரிவதில்லை, புகைவதில்லை,
மஞ்சளாகிறது.
எத்தனை மஞ்சளோ அத்தனை நெருப்பு.
வெறும் தண்ணீர் விட்ட குழி: அடர்மஞ்சள்.
வெந்தும் நொதிக்காத விதை: அடர்மஞ்சள்.
மாதிரி எண் பதினேழு, அசெத்தா:
கழுவிக் கழுவி வெளுத்த சட்டையின் மஞ்சள்.
மூன்று முறை செய்தேன்.
மூன்றாம் முறைதான் கை நடுங்கவில்லை.

சொல்வதற்கு ஓடினேன்.
என்னைவிட இரண்டு வயது இளையவள்,
உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு
வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
கணுக்கணுவாக வீக்கம்.
மோதிரத்தைப் போன மாதம் அறுத்தெடுத்தார்களாம்.
"பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன், தினமும் தின்கிறேன்.
உன் பெப்டைடு இந்த விரலுக்கு வழி தெரியாமல்
எங்கே நிற்கிறது, பூரெய்மா?"

வயிற்றின் அமிலம், குடலின் சுவர், கல்லீரல்:
வழியில் உள்ள சுங்கச்சாவடிகளைச் சொன்னேன்.
ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து பறிபோகலாம்.
ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது,
சேர்கிறதா என்பதே
எனக்கு இன்னும் தெரியாது என்றேன்.
"அப்போ இத்தனை நாள்
உன் தட்டில் இருக்கிற எலிக்குத்தான் சமைத்தேனா?"

சிரித்தாள்.
உலக்கையை இடது கையால் எடுத்தாள்.
பாதிக் குத்தில் நிறுத்தி
அடுத்த உருண்டைகளுக்கு விலை சொன்னாள்.

செலவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்:
சும்பாலா, மூன்று உருண்டை.
கொடுத்தது: வலி மாத்திரை, ஓர் அட்டை.

சனூ மேடம் பச்சை மையில் வட்டம் போட்டு
ஓரத்தில் கேட்டிருக்கிறார்,
ரசீது எங்கே என்று.