பதில் போன பாதை

புந்தா அரெனாஸில் காற்று மிஞ்சும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
இன்றிரவு என் கையிலும் ஒரு கயிறு.
இரண்டு மீட்டர், கறுப்பு, இரு முனையிலும் தகரப் பல்.
நொடிக்குப் பத்து கிகாபிட் என்கிறது உறை.
ஒரு பிட்கூடப் போகவில்லை.

நண்டு ஆலையின் மாடிப்படிக்குக் கீழே
முன்பு கையுறை காயப்போட்ட இடம்தான் சர்வர் அறை.
இன்னும் உப்பு வீச்சம்.
இரண்டு ஹோஸ்ட், ஒரு சேமிப்பு சர்வர்.
நடுவே ஒரு சுவிட்ச் வாங்கலாம் என்று மார்ச்சிலேயே கேட்டேன்.
"மூன்று பெட்டிக்குள் பேசிக்கொள்ள
நாலாவது பெட்டி எதற்கு?
நேராகக் கட்டு" என்றார் தோன்யா ஸ்லாவ்கா.
கட்டினேன்.
சேமிப்பின் முதுகிலிருந்து ஹோஸ்டுக்கு ஒன்றாக
இரண்டு கேபிள்.

முதல் ஹோஸ்ட் சௌக்கியம்.
இரண்டாவதில்தான் எடைமேடை குடியிருக்கிறது.
அதன் வட்டு முழுக்க அந்தப் பக்கம்,
கேபிளுக்கு அப்பால்.
எடை பதியாமல் ஒரு கூடைகூட உள்ளே வராது.
முற்றத்தில் ஆறு லாரிகள் உறுமுகின்றன,
கூடைக்குள் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று
கால் மாற்றி வைக்கும் சத்தம்.
எடைக்காரி ஒதில்யா மூன்று முறை எட்டிப் பார்த்தாள்.
மூன்றாம் முறை எதுவும் கேட்கவில்லை,
காபியை வைத்துவிட்டுப் போனாள்.

விளக்கு பச்சை. அதுதான் கொடுமை.
சிவப்பென்றால் வையலாம், பிடுங்கி எறியலாம்.
கேபிளை மாற்றினேன்: பச்சை.
துளையை மாற்றினேன்: பச்சை.
பொட்டலம் பெரிதோ என்று
ஒன்பதாயிரத்தை ஆயிரத்து ஐந்நூறாகக் குறைத்தேன்.
பச்சை, பச்சை,
புல்வெளி மாதிரி ஊமைப் பச்சை.
இரண்டாம் ஹோஸ்ட் கூப்பிடுகிறது, கூப்பிடுகிறது.
கிணற்றில் போட்ட கல்.

இரண்டு நாற்பதுக்கு என் முழங்கை பட்டு
முதல் கேபிள் கழன்றது.
முதல் ஹோஸ்டின் இயந்திரங்கள் எல்லாம் அலற,
இரண்டாவது வாய் திறந்தது.
பதறிப்போய் மாட்டினேன்.
மௌனம்.
கழற்றினேன். பேச்சு.
மாட்டினேன்.
காபியில் ஆடை படிந்திருந்தது.

பிறகுதான் ஒட்டுக் கேட்க உட்கார்ந்தேன்,
சேமிப்பின் இரு துளைகளிலும் காதை வைத்து.
இரண்டாம் துளையில் கேள்வி வருகிறது,
"இருக்கிறாயா?" தெளிவாக, முழுசாக.
முதல் துளையில் சேமிப்பின் குரல்:
"இருபத்திரண்டு எங்கே? இருபத்திரண்டு எங்கே?"
அந்தக் கம்பியின் மறுமுனையில்
இருபத்தொன்று மட்டும்தான்.
தன்னைக் கேட்காத கேள்விக்கு
அது வாய் திறப்பதில்லை.

மாலை ஆறரை முதல் இப்படித்தான்.
சேமிப்பு ஊமையாக இருந்ததே இல்லை.
கையில் பதிலை வைத்துக்கொண்டு
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது,
இரண்டு தெருவுக்கும் ஒரே பெயர் என்பதால்.
பெயர் வைத்தவன் நான்.
பத்து புள்ளி பத்து புள்ளி பத்து,
இரண்டு கேபிளுக்கும்.
எழுதும்போது அழகாகத் தெரிந்தது.

மூன்றாம் பத்தைப் பதினொன்றாக்கினேன்,
இரண்டாம் கேபிளின் இரு முனையிலும்.
எடைமேடை கண் விழிக்க நான்கு நிமிடம்.
மேலே அச்சு இயந்திரம் கரகரத்தது,
ஒதில்யா யாரையோ அதட்டினாள்,
ஒரு லாரி பின்வாங்கும் பீப் ஒலி.
நாடாவில் "பத்து" என்றும் "பதினொன்று" என்றும் எழுதி
கம்பிகளின் கழுத்தில் சுற்றினேன்.

நாலரைக்கு யெர்கோ கூப்பிட்டான்,
நீரிணைக்கு அப்பால் போர்வெனீரிலிருந்து,
தூக்கம் கலைந்த குரலில்.
"நேற்று மதியமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,
இப்போது ஒதில்யா சொல்லித்தான் தெரிகிறது."
"அனுப்பினேனே, மூன்று செய்தி."
"எந்த நம்பருக்கு?" என்றான்.