தொட்டிக்கு ஓர் இடம்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் தெரியாமல் கையை விட்டவர்களின்
முதுகுகளை எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருடமாக
இந்தத் தார்த்து நகரத்து மரவீடுகளில்
சிங்க் மாட்டுகிறவன் நான்.

விர்வே ஒரு படத்தைக் காட்டினாள்.
வெள்ளைப் பீங்கான், இரட்டைத் தொட்டி,
ஒரு கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டலாம்.
ஜன்னலுக்குக் கீழே வேண்டும் என்றாள்.
வெளியே ஒரு பிளம் மரம்,
இலை உதிர்ந்து முடிக்காத அக்டோபர்.

ஜன்னல் இருப்பது வெளிச்சுவரில், அம்மா.
ஜனவரியில் அந்தப் பக்கம் மைனஸ் இருபத்தைந்து.
பலகைக்கும் மரத்தூளுக்கும் நடுவே குழாயை விட்டால்
ஒரு விடிகாலையில் தண்ணீர் கல்லாகும்,
கல் செம்பைப் பிளக்கும்,
அடுப்பு மூட்டியதும்
மறுபடி தண்ணீராகிக்
கீழ்வீட்டுக்காரர் படுக்கையில் இறங்கும்.

சொன்னேன்.
அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெய்கி, புருஷன், ஆறடி நாலங்குலம்,
நிலைக்குக் குனிந்தே பழகிய கழுத்து.
எஃகே போதும் என்றான்.
பீங்கானில் விழுந்தால் கோப்பை போகும்,
எஃகில் விழுந்தால் சத்தத்தோடு போகும்.
அன்றைக்கு அவன் பேச்சு அவ்வளவுதான்
என்று நினைத்தேன்.

எல்லா வீட்டிலும் கேட்பதை இங்கேயும் கேட்டேன்:
பாத்திரம் யார் கழுவுவது?

நான், என்றாள்.
நான், என்றான்.

ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.
அளவுநாடாவை இழுத்தேன்,
சுருட்டினேன், திரும்ப இழுத்தேன்.
இம்மாதிரி நேரங்களில்
நாடாவுக்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது.

விஷயம் இதுதான்.
ரொட்டிக்கூடத்தில் அவளுக்கு மூன்று மணிக்கு வேலை;
இரவு எட்டுக்கெல்லாம் தூங்கிவிடுவாள்.
அவள் தூங்கியபின் அவன் கழுவுவான்,
சத்தம் வராமல், குழாயை நூலாகத் திறந்து.
மதியம் வந்து அவள்
அவன் கழுவியதையெல்லாம் மறுபடி கழுவுவாள்.
எத்தனை வருடம்?
இருபத்தாறு.
அவனுக்குத் தெரிய வந்தது இன்றைக்குத்தான்,
கையில் நாடாவோடு ஓர் அந்நியன் நிற்கும்போது.

எல்லாத்தையுமா? என்றான்.
கரண்டிகளை விட்டுவிடுவேன், என்றாள்.

வண்டியிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்று கொண்டுவந்தேன்.
உள்சுவரோரம், அடுப்பின் சூடு எட்டுமிடத்தில்,
ஒரு முக்காலிமேல் வைத்து
கழுவுங்கள் என்றேன்.
அவன் வெறுங்காற்றைக் கழுவினான்.
இடக்கைக்காரன்.
பழைய தொட்டியில் வடிதட்டு வலப்பக்கம்,
அத்தனை இரவும்
தன் மார்பைத் தானே தாண்டிக்கொண்டிருந்திருக்கிறான்.
அவள் கழுவினாள், பெட்டி நெஞ்சுக்கு வந்தது.
ஒரு பலகையைக் காலடியில் தள்ளினேன்.
இப்போது? கொஞ்சம். இப்போது? சரி.

எழுதிக்கொண்டேன்:
ஒற்றைத் தொட்டி, எஃகு, ஆழம் பதினெட்டு சென்டிமீட்டர்.
வடிதட்டு இடப்பக்கம்.
மேடை உயரம் அவனுக்கு, மிதிபலகை அவளுக்கு.
ஜன்னல் ஒரு கை தள்ளி.

தலையைத் திருப்பினால் பாதி மரம் தெரியும், என்றேன்.
எந்தப் பாதி? என்றாள்.

டிசம்பரில் மாட்டினேன்.
மேடையில் வாளால் துளை அறுத்தபோது
தொட்டியின் வடிவத்தில் ஒரு முழுப் பலகை
கையோடு வந்தது.
அதைத்தான் அவள் காலடியில் போட்டேன்.
உள்ளே போகாத மரம் கீழே கிடக்கட்டும்.
இணைப்பை இறுக்கினேன், விரல் வைத்துத் தடவினேன்,
ஈரமில்லை.

ஹெய்கி குழாயைத் திறந்தான்.
நூலாக இல்லை, முழுதாக.
ஒரே ஒரு காபிக் கோப்பையைக் கழுவினான்,
அடி, விளிம்பு, பிடியின் உள்வளைவு,
பரீட்சை எழுதுகிறவன்போல.
அவளிடம் நீட்டினான்.

அவள் அதை ஜன்னல் பக்கம் தூக்கி
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

என் ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன்,
பெரியது முதலில், பிறகு சிறியது,
பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத்
திரும்பவும் பெரியது முதலில்.