முன்னால் வந்த முதுகு

பதினோரு வருடம் சுன்வா எனக்கு முதுகைத்தான் காட்டினாள்.
படகில் அப்படித்தான்.
முன்பலகைக்காரியின் முகம்
பின்னால் துடுப்புப் போடுகிறவளுக்குக் கிடையாது.
கரையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்,
அது வேறு முகம்.

இடது அக்குளிலிருந்து இடுப்புவரை
விசிறியாக விரியும் ஒரு தசை. அவள் அதுதான் எனக்கு.
நனைந்த ஜெர்சிக்கடியில் அது தளர்ந்தால்
காற்று திரும்பிவிட்டது.
முறுகினால்
கிளாக்ஸ்விக் பெண்கள் நெருங்கிவிட்டார்கள்.
அவள் தூங்காத இரவுகளைக்கூட
அதில்தான் படித்தேன்.

கட்டி இடப்பக்க விலா எலும்பில்.
கோபன்ஹேகனில்தான் வெட்ட முடியும் என்றார்கள்.
பௌர்தூர் கிரீன்லாந்துப் பக்கம் இழுவலைக் கப்பலில் இருந்தான்.
நான் கூடப் போனேன்.
இரண்டு மணி நேர விமானத்தில்
ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கட்டை
எனக்கு ஒன்றுகூடத் தராமல் தின்று முடித்தாள்.

டாக்டர் வின்தர் காகிதத்தில் வரைந்து காட்டினாள்.
மூன்று விலா போகும். மேலிருக்கும் தோலும் போகும்.
இதயத்துக்கு மேல் ஒரு ஜன்னல் திறந்து கிடக்கும்.
வலை வைத்து அடைத்து
அதன்மேல் முதுகுத் தசையைத் திருப்பிப் போடுவோம்.
முழுக்க அறுப்பதில்லை,
ரத்தக்குழாய் காம்போடு அப்படியே
அக்குளுக்கடியில் சுரங்கம் தோண்டி
முன்னால் கொண்டுவருவோம்.

"துடுப்பு?"

டாக்டர் பேனாவை மூடினாள்.

காகிதத்தில் ஓர் அம்புக்குறி இருந்தது,
முதுகிலிருந்து மார்புக்கு.
இதை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்,
ஏன் என்று தெரியாமல்.

ஒன்பது மணி நேரம்.

இரவு முழுக்க மணிக்கொரு தடவை
செவிலி டார்ச்சோடு வந்தாள்.
புதுத்தோலை விரலால் அழுத்தி எடுப்பாள்,
வெளுத்த இடம் சிவக்க எத்தனை நொடி என்று எண்ணுவாள்.
இரண்டு.
இரண்டு.
மூன்று. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
அடுத்த மணியில் மறுபடி இரண்டு.
விடியும்போது என் உள்ளங்கை இரண்டும்
துடுப்பைப் பிடித்ததுபோல் மடங்கியிருந்தன.

ஊர் திரும்பிய பிறகு
தசை இருந்த இடத்தில் நீர் கோத்தது.
வாராவாரம் ஊசி குத்தி எடுத்தார்கள்,
ஒரு கோப்பை, அரைக் கோப்பை, மஞ்சளாக.
குடிபோன வீட்டில் கூரை ஒழுகுகிறது என்றாள்.

ஒருநாள் குளியலறையிலிருந்து கூப்பிட்டாள்.
முதுகு அரிக்கிறது, சொறி.
தழும்பு தவிர அங்கே ஒன்றுமில்லை.
சொறிந்தேன்.
அங்கே இல்லை, இன்னும் மேலே.
அங்கேயும் இல்லை.
எரிச்சலில் தன் மார்பைத் தானே உரசினாள்,
அரிப்பு நின்றுவிட்டது.
சிரிக்கக்கூடாது, வலை வலிக்கும்.
அவள் தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு சிரித்தாள்,
நான் ஈரத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

பௌர்தூர் நெஞ்சில் கை வைத்தால்
பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல் இருக்கிறதாம்.
அவனிடம் சொன்னாளா, நான் கேட்கவில்லை.

இந்தக் கோடையில் சுக்கான் பிடிக்கிறாள்.
சுக்கான்காரி எங்களைப் பார்த்து உட்கார வேண்டும்.
அவள் விட்ட பலகை எனக்கு வந்தது.
முழங்காலுக்கு எதிரே முழங்கால்.

போட்டி நாளில் வெஸ்த்மன்னா நீரிணையில் எதிர்காற்று.
"இழு" என்று கத்துகிறாள்.
வாய் இத்தனை கோணலாகப் போகுமென்று
எனக்குத் தெரியாது.
கை சுக்கானில் சும்மா கிடக்கிறது.
ஜெர்சிக்குள், இடப்பக்கம் மட்டும்,
ஒவ்வொரு "இழு"வுக்கும் ஒரு துள்ளல்.
கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல்
இழுக்க ஒன்றும் இல்லாத இடத்தில்.

என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டாள்.
"தண்ணீரைப் பாரடி."

தண்ணீரைப் பார்க்கவில்லை.
அந்தத் துள்ளலை வைத்துத்தான் துடுப்பைப் போட்டேன்,
பதினோரு வருடம் போட்டதுபோல.

நான்காவதாக வந்தோம்.