ஏழு நாள்

அசுன்சியோனில் பிப்ரவரி.
தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும்.
என் பையில் டார்ச், கரண்டி, மூடியுள்ள சிறு குப்பி,
பென்சில், நாய்களுக்கு இரண்டு பிஸ்கட்.
ஏழு நாளுக்கொரு முறை வருவேன்.
முட்டை கொசுவாகிப் பறக்க
இந்த வெயிலுக்கு அது போதும்.
எட்டாம் நாள் வந்தால்
கணக்கெடுக்க மட்டும் வந்தவள் நான்.

எவுலோஹியோவின் டயர் கடையில்
மழை பார்த்த டயர்கள் நாற்பத்து மூன்று.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் பிறையளவு குளம்.
வெளிச்சம் விழுந்ததும்
தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்குகிறவை
நெளிந்து நெளிந்து அடியில் ஒளியும்.
"உன் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள்"
தெரெரேயை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பான்.
தண்ணீரைக் கொட்டு.
"நாளைக்கு."
உள்பக்கம் தேய்த்துக் கழுவு, காய்ந்த ரப்பரிலும்
முட்டை மாதக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும்.
"அவ்வளவு பொறுமை என் மருமகனுக்கு இல்லையே."
கூரைக்கடியில் அடுக்கு.
"அங்கே நான் இருக்கிறேன்."
படிவத்தில் எழுதுவேன்: புழு உண்டு.
அதற்குமேல் எழுத அதில் இடமில்லை.

கொசு பிறக்கும்போது வெறுங்கையோடுதான் பிறக்கிறது.
காய்ச்சலில் கிடப்பவனிடம் கடன் வாங்கி
பக்கத்து வீட்டில் கொண்டுபோய் அடைக்கிறது.
அதுவும் பட்டப்பகலில்,
கணுக்காலில்,
சத்தமே இல்லாமல்.

முதலில் முப்பத்தெட்டாம் நம்பர் பஸ் ஓட்டுநர்.
பிறகு ரொட்டிக்கடை, பிறகு தெருவின் இடப்பக்கம் முழுக்க.
நிமியா தாழ்ப்பாளைத் திறக்க
முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தாள்.
ஒரு கரண்டி மாவைக் கிண்ட
இரண்டு பேர் வேண்டியிருந்தது.
சிக்குன்குன்யா என்றால் வளைந்து போவது;
எங்கோ ஆப்பிரிக்காவில் மகோண்டே மக்கள் சொன்ன சொல்.
கடல் தாண்டி வந்தும்
பொருளில் ஒரு எழுத்து குறையவில்லை.

விடியலில் புகைவண்டி வரும்.
ஜன்னலைத் திற என்போம், மூடுவார்கள்.
புகை பறப்பதைக் கொல்லும்,
மிதப்பதைத் தொடாது.
அதையும் சொல்வோம்,
இருமலுக்கு நடுவே.

மார்ச் மாதம் நானும் விழுந்தேன்.
காய்ச்சல் நான்கு நாள்.
மணிக்கட்டு இன்னும் என்னுடையதாகவில்லை.
திரும்பி வந்தபோது
எவுலோஹியோவின் கடை பாதி திறந்திருந்தது.
மகளுக்குப் பிரசவத்துக்கு முந்தின நாள் காய்ச்சலாம்.
பேத்திக்கு ஐந்தாம் நாள்.
பதினாறு நாளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள்,
சுவாசக் குழாயோடு.
அவன் சிரிக்கவில்லை.
ட்ரில்லை என் பக்கம் நகர்த்தினான்:
"எனக்குப் பிடி நிற்கவில்லை. நீ துளை போடு."
என் பிடியும் நிற்கவில்லை.
அவன் இரண்டு கை, நான் இரண்டு கை,
நான்கும் சேர்ந்து ஒரு முழுக் கை.
துளை விழுந்ததும்
கறுத்த தண்ணீர் காலடியில் கொட்டி
மண்ணில் துடித்துத் துடித்து அடங்கியது.
அன்று பதினொன்று முடிந்தது.
எங்களுக்கு அவ்வளவுதான் முடிந்தது.

அடுத்த வாரம் கடையில் யாருமில்லை.
மீதி டயர்களிலும் துளை இருந்தது,
கோணல்மாணலாக.
குழந்தையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை எனக்கு.
பின்கட்டில் கயிறு.
கயிற்றில் என் உள்ளங்கை அகலத்தில்
ஒரு மஞ்சள் சட்டை, இப்போதுதான் அலசியது,
சொட்டிக்கொண்டிருந்தது.
கீழே மல்லாந்து கிடந்த சோடா மூடி
சொட்டுச் சொட்டாக நிறைந்துகொண்டிருந்தது.
செருப்பு நுனியால் அதைக் கவிழ்த்தேன்.
படிவத்தில் எழுதினேன்: புழு இல்லை.
பென்சில் முனை உடையுமளவுக்கு அழுத்தி.