நிற்கும்போது மட்டும்

சீனக்குடாக் கடவையில் கேற் விழுந்தால்
என் வேனுக்கு நடுக்கம் தொடங்கிவிடும்.
கண்ணாடிக்குள் பதினொரு பிள்ளைகளுக்கும்
இரண்டிரண்டு தலை.
ரயில் போய், கியர் விழுந்து, நாற்பதைத் தொட்டதும்
ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்,
களவெடுத்த பூனை.

"அன்ரி, வேனுக்குக் குளிருதோ?"
கடைசிச் சீற்றிலிருந்து தர்ஷாயினி.
வீட்டுப்பாடத்தை வேனில் எழுதுகிறவள்.
கொப்பியை வாங்கிப் பார்த்தேன்.
கப்பல்துறையில் தொடங்கிய வரிகள் ஒழுங்காக இருந்தன.
கடவையில் எழுதிய வரி மட்டும்
நண்டு ஓடிய மணல்.

அந்தக் கொப்பியோடுதான் மட்டிக்களிக் கறாஜுக்குப் போனேன்.
ஹில்மி சிரிக்கவில்லை.
எண்ணெய் விரல் படாமல் முழங்கையால் பக்கம் புரட்டினான்.
"ஓடக்குள்ள நேர். நிண்டா கோணல்.
அப்ப சில்லு இல்ல ஜெசிந்தாக்கா, எஞ்சின்தான்."

பெடலை மெல்ல மிதித்தான், அடங்கியது.
ஏசியைப் போட்டான்,
டாஷ்போர்டில் லூர்து மாதா
ஒரு விரல் தள்ளி நின்றா.

பிறகு பதினேழாம் நம்பர் சாவியால்
டீசல் குழாய் நான்கையும் ஒவ்வொன்றாய்த் தளர்த்தினான்.
முதலாவதில் எஞ்சின் தடுமாறியது. இறுக்கினான்.
இரண்டாவதில் சாகப் பார்த்தது. இறுக்கினான்.
மூன்றாவது டீசலைக் கக்கியது,
சத்தம் மாறவே இல்லை.

"இதுதான்," என்றான்.
எனக்கு விளங்கவில்லை.
குழப்பம் செய்யாதது எப்படிக் குற்றவாளி?
"இது இல்லாட்டியும் ஒண்டும் குறையல்லயே.
அப்ப இவ்வளவு நாளும் இவன் வேலைக்கு வரல்ல.
மத்த மூண்டும்தான் இவனையும் சுமந்திருக்கு."

நாங்களும் வீட்டில் நாலு பேர்.
பேசாமல் இருந்தேன்.

கட்டையும் ஜக்கும் வைத்து எஞ்சினை நிமிர்த்தினான்.
வலப்பக்க மவுண்டின் றப்பர்
எண்ணெய் குடித்து, தேத்தண்ணியில் ஊறிய பாண்போலப் பிளந்து
இரும்புமேல் இரும்பு குந்தியிருந்தது.
"நடுங்கினது அவன்.
அத உங்கட கதிரைக்குக் கொண்டுவந்தது இது."

நொசில் ஒன்று, மவுண்ட் ஒன்று.
பாதிக் காசு இப்போது,
பாதி, பிள்ளைகளின் மாதக்காசு வந்தபிறகு.

திங்கட்கிழமை. கடவை. கேற் விழுந்தது.
மாதா அசையவில்லை.
ஸ்டியரிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்,
உறங்கும் நாயின் வயிறுபோல் ஒரு சின்ன அதிர்வு.
டீசல் எண்டா அவ்வளவு இருக்கும் என்று
அவன் முன்னமே சொல்லியிருந்தான்.

கண்ணாடியில் தர்ஷாயினிக்கு ஒரே ஒரு தலை.
கை சும்மா இருந்தது.
"எழுதேல்லையோ?"
"வீட்டிலேயே முடிச்சிட்டன் அன்ரி."

ரயில் இன்னும் வரவில்லை.